காட்சிக்கூடத்தில் ஒலித்த சமணக் குரல்

ஜினாலயத்தில் பகவானின் திருமுன் அமர்ந்து, ஒரு பிடி அரிசியைப் பரப்பி, விரல் நுனியால் சுவஸ்திகம் இடுவதும், அதற்கு மேலே மூன்று சிறு குவியல்களும் ஒரு பிறையும் அமைப்பதும் சமணக் குடும்பங்களில் வழிவழியாக வந்த வழக்கம். பாட்டி செய்வதைப் பார்த்தே பேரக்குழந்தைகள் இதனைக் கற்றுக்கொள்கின்றனர். ஆனால், அயலார் ஒருவர் அருகில் வந்து இதன் பொருள் யாது என்று வினவினால், தெளிவாக விடையிறுப்போர் சிலரே. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்னர், அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில், அருங்காட்சியக அறிஞர் ஒருவருக்கு இதே வழக்கத்தைத் தயக்கமின்றி விளக்கினார் ஓர் இளைஞர். அவரே வீர்சந்த் ராகவ்ஜி காந்தி.

குஜராத்தில் பாவநகருக்கு அண்மையிலுள்ள மகுவா என்னும் ஊரில், 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், சுவேதாம்பர சமண வணிகக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பாவநகரில் பள்ளிக் கல்வியை முடித்து, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1884இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டிலேயே, 21 வயதில், இந்திய ஜைன சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரை வந்தடைந்தது.

அப்பொறுப்பு அவருக்கு வெறும் அணிகலனாக அமையவில்லை. சத்ருஞ்சய மலைக்கு வழிபடச் செல்லும் ஒவ்வொருவரிடமும் பாலித்தானா சமஸ்தானம் 2 ரூபாய் வரி வாங்கிவந்தது. ஏழை யாத்திரிகர்க்கு அக்காலத்தில் அது பெருந்தொகை. வீர்சந்த் ஆங்கில அரசின் அதிகாரிகளிடம் இடையறாது முறையிட்டார். அதன் பயனாக, 1886இல் தனிமனித வரி நீங்கியது. ஆண்டுக்கு 15,000 ரூபாயைச் சமண சமூகமே மொத்தமாகச் செலுத்துவது என்ற உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் 1891இல், இருபது தீர்த்தங்கரர்கள் முத்தியடைந்த சம்மேத சிகரத்தில் பன்றிக் கொழுப்பு எடுக்கும் தொழிற்சாலை ஒன்று தோன்றியது. வழக்காடுவதற்காக வீர்சந்த் கல்கத்தா சென்றார். சான்று ஆவணங்கள் வங்க மொழியில் இருந்தமையால் அம்மொழியையே கற்றுத் தேர்ந்தார். பல மாத உழைப்பின் முடிவில் தொழிற்சாலை அம்மலையை விட்டு அகன்றது. பிறர் ஐயுறும் ஒன்றைச் சினத்தால் வெல்ல இயலாது, சான்றாலும் விளக்கத்தாலுமே வெல்ல இயலும் என்னும் பாடத்தை அவர் இவ்வழக்குகளில் பெற்றார்.

அப்பாடத்தைப் பேரரங்கில் பயன்படுத்தும் வாய்ப்பு 1893இல் வந்தது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400ஆம் ஆண்டு நிறைவையொட்டிச் சிகாகோ நகரம் உலகப் பொருட்காட்சி ஒன்றை நடத்தியது. அதனோடு இணைந்து சர்வசமயப் பேரவையும் கூடுவதாக இருந்தது. அதற்கான அழைப்பு, ஆத்மாராம்ஜி என்று மக்கள் போற்றிய ஆசாரியர் விஜயானந்த சூரியை நாடி வந்தது. கடற்பயணம் துறவு நெறிக்கு ஒவ்வாதது ஆகையால் ஆசாரியர் தாம் செல்ல இயலவில்லை. ஆயினும் அழைப்பை மறுத்துவிடவும் அவர் விரும்பவில்லை. வீர்சந்தைத் தேர்ந்து, சமயத் தத்துவங்களைப் பயிற்றுவித்து, கேட்கப்படக்கூடிய வினாக்களுக்கு உரிய விடைகளைத் தனி நூலாகவே எழுதி அளித்து அனுப்பினார். அப்போது வீர்சந்துக்கு வயது 29.

அவர் சென்று சேர்ந்த இடம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பொருட்காட்சி நடைபெற்ற ஆறு மாதங்களில் அதனைக் காணச் சென்றோரின் எண்ணிக்கை 2 கோடியே 70 லட்சம் வரை எட்டியது. இயந்திரங்கள், ஓவியங்கள், விளைபொருள்கள் ஆகியவற்றோடு, உலகின் பல பகுதி மக்களும் அங்கே காட்சிப்பொருள்களைப் போல நிறுத்தப்பட்டனர். அவர்தம் உடையையும் குடிசையையும் கூத்தையும் கண்டு வியந்தவர்கள், அவர்தம் உள்ளத்தைக் கேட்டறிய நினைக்கவில்லை. சமண சமயத்தைப் பற்றியோ, மேலைநாட்டுப் பொதுமக்கள் அறிந்தது மிகக் குறைவு. அது பௌத்தத்தின் கிளை என்ற பிழையான கருத்து நெடுநாள் நிலவியது. 1879இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஜேக்கபி அதனைச் சான்றுகளுடன் மறுத்திருந்தார். எனினும் அம்மறுப்பு அறிஞர் வட்டத்தைத் தாண்டிப் பரவவில்லை.

இச்சூழலில், கத்தியவார்த் தலைப்பாகையும் மேலாடையும் அணிந்து, செப்டம்பர் 11ஆம் நாள் தொடங்கிய பேரவையில் வீர்சந்த் தோன்றினார். ஆறு வகைத் திரவியங்கள், ஒன்பது பதார்த்தங்கள், வினைக்கொள்கை, அனேகாந்தம், அகிம்சை ஆகியவற்றை அந்நாட்டார்க்குப் பழகிய சொற்களால் எடுத்துரைத்தார். பிற சமயம் எதனையும் தாழ்த்தாமலே தம் சமயத்தை நிலைநாட்டினார். கிறித்தவப் போதகர் ஒருவர் இந்துக் கோயில்களைச் சார்ந்த மகளிரை இழிவாகப் பேசியபோது, அத்தாக்குதல் சமணத்தின்மேல் விழவில்லை என்று அவர் வாளாவிருக்கவில்லை. எழுந்து அமைதியாக மறுமொழி கூறினார். அனேகாந்தத்தைப் போதித்தவர் அதனை வாழ்ந்தும் காட்டினார்.

பேரவை 17 நாள்களில் முடிவுற்றது. வீர்சந்தின் பணியோ அதன்பின்னரே விரிந்தது. பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் முதலிய நகரங்களில் பொதுச் சொற்பொழிவுகளைத் தொடர்ந்து நிகழ்த்தினார். ஒருநாள் கேட்டுக் கலைந்துவிடும் கூட்டத்தால் அறிவு வேரூன்றாது என்பதை உணர்ந்து, வாஷிங்டனில் காந்தி தத்துவக் கழகத்தை நிறுவினார். சிகாகோவிலும் கீழைத் தத்துவங்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்றை ஏற்படுத்தினார். மாணவர்களும் இல்லத்தரசிகளும் அறிஞர்களும் அங்கே ஒருங்கிருந்து பயின்றனர். புலால் உணவைக் கைவிட்டோரும், சாமாயிகம் செய்யப் பழகியோரும் அவர்களுள் இருந்தனர்.

அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தின் தொல்லியல் பகுதிக்குப் பொறுப்பாளராக இருந்த தாமஸ் வில்சன், உலகெங்கும் கிடைத்த சுவஸ்திகச் சின்னங்களை அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார். பானையிலும் செம்பிலும் கல்லிலும் பொறித்த சின்னங்கள் அவரிடம் ஏராளமாக இருந்தன. அவை எந்நாட்டில் கிடைத்தன, எவ்வடிவின என்பன தெரிந்தன. சின்னத்தை நாள்தோறும் இட்டு வழிபடும் ஒருவரின் உள்ளத்தில் அது என்ன பொருள் தருகிறது என்பதை அப்பொருள்கள் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் வீர்சந்த். நான்கு கைகளும் உயிர் உழலும் நான்கு நிலைகள். மேலுள்ள மூன்று வட்டங்கள் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள். பிறையும் அதனுள் அமைந்த புள்ளியும் வீடுபேற்று நிலை என அவர் விளக்கினார். ஒரு பிடி அரிசியையோ மாவையோ வட்டமாகப் பரப்பி விரலால் அதனை இடும் முறையையும் படிப்படியாக எடுத்துக் காட்டினார். இவ்விளக்கமும், இடும் முறையைக் காட்டும் படங்களும் அருங்காட்சியகத்தின் 1894ஆம் ஆண்டு அறிக்கையில் இடம்பெற்ற வில்சனின் ஆய்வு நூலில் அச்சேறின. ஆலயத்தில் இடப்பட்டு அன்றே கலைந்துவிடும் அரிசிக்கோலம் இவ்வாறு நிலைத்த ஆவணம் ஆயிற்று.

அயல்நாட்டார் இவ்வாறு அவரை மதித்துக்கொண்டிருந்த வேளையில், தாய்நாட்டில் அவர்மேல் எதிர்ப்பு மூண்டது. கடல் கடந்தார் என்பதற்காக அவரைச் சாதியிலிருந்து விலக்க வேண்டும் என்று பம்பாய்ச் சமணருள் ஒரு பகுதியினர் முனைந்தனர். கடுங்குளிரிலும் தூய சைவ உணவையே உண்டு, தாய்நாட்டிற்காகவும் சமயத்திற்காகவும் போராடும் ஒருவரை, அனுப்பிவைத்தவர்களே ஒதுக்க முயல்கின்றனரே என்று, பேரவையில் உடனிருந்த சுவாமி விவேகானந்தர் 1894இல் எழுதிய கடிதமொன்றில் வருந்தினார். ஆத்மாராம்ஜி தம் மாணவருக்கு உறுதியான துணையாக நின்றார்.

1895இல் பம்பாய் திரும்பிய வீர்சந்த், தம்மை எதிர்த்தவர்களோடு வாதிட்டுக் காலத்தைக் கழிக்கவில்லை. சமண இளைஞர்கள் தம் தத்துவத்தைக் கற்பதற்கு ஹேமச்சந்திராசாரியரின் பெயரால் ஒரு வகுப்பைத் தொடங்கினார். அயலார்க்கு விளக்குவதற்கு முன் தம்மவர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அவர் துணிபு. மறு ஆண்டில் மீண்டும் அமெரிக்கா சென்றவர், இந்தியப் பெண்கள் அங்குச் சென்று கல்வி பெறுவதற்கு ஒரு சங்கம் அமைத்தார். இந்தியாவைப் பஞ்சம் வாட்டியபோது, அமெரிக்க மக்களிடம் முறையிட்டுக் கப்பலில் மக்காச்சோளம் அனுப்பச் செய்தார். அவர்தம் வேண்டுகோளுக்குச் செவிசாய்க்க, முன்னைய சொற்பொழிவுகளால் நெருங்கியிருந்த உள்ளங்கள் அங்கே இருந்தன.

ஓயாத உழைப்பு உடலை வருத்தியது. நோயுற்றுத் தாயகம் மீண்டவர், 1901ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு 37 வயதுகூட நிறைவடையவில்லை. அவர் நிறுவிய கழகங்களை அதே வேகத்தோடு முன்னெடுக்க எவரும் இலராயினர். அவை நாளடைவில் மறைந்தன. ஒருவரின் தோளில் மட்டுமே நின்ற பணி, அவருடனே சாய்ந்துவிட்டது.

எனினும் வித்து முழுதும் அழியவில்லை. லண்டனில் அவரிடம் பாடங்கேட்ட ஹெர்பர்ட் வாரன் என்னும் ஆங்கிலேயர், சமண நெறியை ஏற்று, ஆசிரியர் கூறியவற்றைக் குறிப்பெடுத்துப் பாதுகாத்துவந்தார். அக்குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய ஆங்கில நூல் 1912இல் அச்சாகி வெளிவந்த நகரம் சென்னை. குஜராத்தில் பிறந்தவர் லண்டனில் ஓர் ஆங்கிலேயருக்குக் கற்பித்த பாடம், தமிழ் மண்ணில் நூலுருப் பெற்றது.

தமிழகத்துச் சமணக் குடும்பங்களின் பேழைகளில் இன்றும் ஏட்டுச்சுவடிகள் உள்ளன. குன்றுகளில் முனிவர் தவமிருந்த கற்படுக்கைகள் உள்ளன. விழா நாள்களில் இவற்றைக் காட்சிக்கு வைப்பது நற்பணி. ஆயினும், அக்காட்சியின் அருகே நின்று, வருவோர் கேட்கும் வினாவிற்குத் தெளிவும் பணிவும் கலந்த விடை தரும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இல்லையெனில், ஏடும் கல்லும் மௌனமாகவே இருக்கும். வீர்சந்த் காந்தி விட்டுச்சென்ற பணி இதுவே. அதனைத் தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அடுத்த முறை ஜினாலயத்தில் அரிசியைப் பரப்பும்போது, அருகிலிருக்கும் குழந்தைக்கு நாற்கதியும் மும்மணியும் இவையென்று சொல்லிக்கொடுத்தாலே போதும்.