தெருவிற்குத் தொண்டு செய்த தாய் சாவித்திரிபாய் பூலே

ஒரு கல்விக் கழகம் வெள்ளி விழாக் காண்பது எளிய செய்தியன்று. அதிலும், நம் மக்கள் தம் கூலியில் மிச்சம் பிடித்த காசைக் கொண்டு தொடங்கி, 25 ஆண்டுகள் விளக்கு அணையாமல் காத்து வந்த கழகம் இவ்விழாவைக் காண்பது பெருமிதம் கொள்ளத்தக்கது. இம்மலருக்கு ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதித் தருமாறு கழகத்தார் பணித்தபோது, யாரைப் பற்றி எழுதுவது எனச் சில நாள் எண்ணிப் பார்த்தேன். அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை நம் இளைஞர்கள் ஓரளவு அறிவர். புத்தர், கபீர் ஆகியோருடன் அண்ணல் தம் ஆசானாகப் போற்றிய மகாத்மா ஜோதிராவ் பூலேயின் பெயரையும் பலர் கேட்டிருப்பர். ஆனால் அவருடைய துணைவியார் சாவித்திரிபாய் அம்மையாரோ, பெண்களுக்குக் கல்வி புகட்டிய முன்னோடி ஆசிரியை என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறார். அவ்வரி பொய்யன்று, எனினும் முழுமையன்று. பள்ளிக்கூடம் அவருடைய தொண்டின் தொடக்கமே. அங்கிருந்து அவர் தெருவிற்கு எவ்வாறு வந்தார் என்பதையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிறப்பும் கல்வியும்

மராட்டிய நாட்டில் சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த நாய்காவ் என்னும் சிற்றூரில் 1831ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் சாவித்திரிபாய் பிறந்தார். அவருடைய குடும்பம் மாலி எனப்படும் தோட்டக்கார வகுப்பைச் சேர்ந்தது. அக்கால வழக்கப்படி 1840இல், ஒன்பது வயதிலேயே, பூனா நகரத்து ஜோதிராவுக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். மணமகனுக்கு வயது பதின்மூன்று. அவர்களும் அதே வகுப்பினர். முன்னோர் பூ வணிகம் செய்ததால் பூலே என்னும் பெயர் பெற்றவர்கள்.

மணமாகி வந்தபோது சாவித்திரிபாய்க்கு எழுத்தறிவு இல்லை. பெண் படித்தால் குடும்பத்திற்குக் கேடு வரும் என்று நம்பிய காலம் அது. ஜோதிராவ் தாம் பள்ளியில் கற்றதைத் தம் மனைவிக்கு வீட்டிலேயே கற்பித்தார். பின்னர் அம்மையார் அகமதுநகரிலும் பூனாவிலும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். கணவன் ஆசிரியனாகவும் மனைவி மாணவியாகவும் அமைந்த அந்த வீட்டுத் திண்ணையே பின்னர் எழுந்த பள்ளிகளுக்கெல்லாம் முதல் வகுப்பறை எனலாம்.

சேற்றைத் தாங்கிய ஆசிரியை

1848ஆம் ஆண்டில் பூனாவின் புதவார்ப்பேட்டையில் பிடே என்பவருடைய மாளிகையில் பெண்களுக்கான பள்ளியை இருவரும் தொடங்கினர். முதலில் வந்த சிறுமியர் பத்துப் பேர்கூட இல்லை. அம்மையாருக்கு அப்போது வயது 17. பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சாணத்தையும் சேற்றையும் வீசினார்கள் என்றும், மாற்றுப் புடைவை ஒன்றைப் பையில் எடுத்துச் சென்று பள்ளியில் உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் அனைவரும் கூறுவர். தெருவில் நின்று வழக்காடாமல், வகுப்பு மணி தவறாமல் சென்று சேர்வதையே அவர் தம் மறுமொழியாகக் கொண்டார்.

எதிர்ப்பு வீட்டிற்குள்ளும் புகுந்தது. ஊராரின் அச்சுறுத்தலுக்கு ஆளான ஜோதிராவின் தந்தை, பள்ளியை விடுங்கள், இல்லையேல் வீட்டை விடுங்கள் என்னும் நிலைக்கு வந்தார். 1849இல் கணவனும் மனைவியும் வீட்டை விட்டனர், பள்ளியை விடவில்லை. பாத்திமா ஷேக் என்னும் இசுலாமியப் பெண்மணி அம்மையாருடன் தோள் கொடுத்து நின்றார். 1851ஆம் ஆண்டு முடிவதற்குள் மூன்று பள்ளிகளும், அவற்றில் ஏறத்தாழ 150 மாணவியரும் இருந்தனர்.

அடுத்து நம் கழகத்தார் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மகர், மாங் ஆகிய வகுப்பாரின் பிள்ளைகளுக்கும் அவர்கள் பள்ளிகள் திறந்தனர். மகர் என்பது அண்ணல் அம்பேத்கர் பிறந்த வகுப்பு. மாங் என்பார் கயிறு திரித்தும் பறை கொட்டியும் வாழ்ந்த மக்கள். இவ்விரு வகுப்பாரிடையே கல்வியைப் பரப்புவதற்கென்றே 1850களின் தொடக்கத்தில் ஒரு சங்கத்தையும் பூலே இணையர் நண்பர்களுடன் அமைத்தனர். அண்ணல் பிறப்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த அச்சங்கத்தை, நம் கழகம் போன்றவற்றிற்கெல்லாம் மூத்த தமக்கை என்று சொன்னால் மிகையாகாது.

அப்பள்ளியின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. முக்தா என்னும் மாங் வகுப்புச் சிறுமி மூன்று ஆண்டுகள் படித்த பின், தம் மக்கள் படும் துயரத்தை விரித்து ஒரு கட்டுரை எழுதினாள். அது 1855இல் ஞானோதயம் என்னும் மராத்தி இதழில் வெளிவந்தது. தம் இனத்தின் துன்பத்தைத் தாமே எழுதிய பெண்களின் வரிசையில் முன்னே நிற்பவள் அச்சிறுமி. தம் வகுப்பிலிருந்து அத்தகைய ஒரு குரல் எழக் கண்ட ஆசிரியர்க்கு அதனினும் உயர்ந்த பரிசு வேறில்லை.

பள்ளியிலிருந்து தெருவிற்கு

பள்ளி நடத்துவோர் அனைவரும் ஒரு நாள் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. நேற்று வந்த பிள்ளை இன்று ஏன் வரவில்லை? இவ்வினாவிற்கு விடை பள்ளியில் கிடைக்காது. அப்பிள்ளை வாழும் தெருவில்தான் கிடைக்கும். நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலமெல்லாம் கண்ட உண்மை இது. ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன பெண்ணின் வீட்டிற்குச் சென்று பார்த்தால், தாய் நோயில் படுத்திருப்பாள். அல்லது குடிநீருக்காக அப்பெண் குடத்துடன் வரிசையில் நிற்பாள். பாடநூலில் குறை இராது. வாழ்க்கையில்தான் குறை இருக்கும்.

சாவித்திரிபாய் அம்மையாரின் தொண்டும் இவ்வழியிலேயே விரிந்தது. பகலெல்லாம் உழைக்கும் உழவரும் தொழிலாளரும் பகற்பள்ளிக்கு வர இயலாது. ஆகவே 1855இல் அவர்களுக்கென இரவுப் பள்ளி தொடங்கப்பட்டது. மாணவன் வரக்கூடிய நேரத்திற்குப் பள்ளியை மாற்றியமைத்த அறிவுடைமை இன்றும் நாம் பின்பற்றத்தக்கது.

அக்காலத்தில் இளமையிலேயே கணவனை இழந்த பெண்கள், குறிப்பாகப் பார்ப்பன வகுப்புப் பெண்கள், மறுமணம் செய்துகொள்ள இயலாது. வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்றால் குழந்தையைக் கொல்வது, அல்லது தாமே மாள்வது என்ற இரண்டே வழிகள் அவர்களுக்கு இருந்தன. 1863இல் பூலே இணையர் அத்தகைய பெண்களுக்காகத் தம் வீட்டிலேயே ஒரு காப்பகம் திறந்தனர். வருவோர் அச்சமின்றிப் பிள்ளை பெறலாம். விரும்பினால் பிள்ளையை அங்கேயே விட்டுச் செல்லலாம். தம்மீது சேறு வீசிய வகுப்பாரின் மகளிர்க்கே அம்மையார் பேறுகாலம் பார்த்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பகையை நினைத்திருந்தால் அக்கதவு திறந்திராது. அங்கு வந்த காசிபாய் என்னும் கைம்பெண்ணின் மகனை, மக்கட்பேறு இல்லாத அவ்விருவரும் 1874இல் தத்தெடுத்தனர். யஷ்வந்த் என்று பெயரிடப்பட்ட அம்மகன் வளர்ந்து மருத்துவர் ஆனார்.

1868இல் செய்த செயலோ நம் நெஞ்சில் நிற்பது. பொதுக் குளத்திலும் கிணற்றிலும் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டவர்கள் நீர் எடுக்க இயலாத ஊரில், தம் வீட்டின் நீர்த்தொட்டியை அம்மக்களுக்குத் திறந்துவிட்டனர். அதற்கு அரசாணை தேவைப்படவில்லை, பெருநிதியும் தேவைப்படவில்லை. தம் வீட்டுக் கதவின் தாழ் தம் கையில் இருந்தது, அதை நீக்கினார்கள். அண்ணல் அம்பேத்கர் மகாத்துச் சவுதார் குளத்தில் நீரள்ளிப் பருகியது 1927இல். அதற்கு 59 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் ஒரு வீட்டு முற்றம் நம் மக்களின் குடங்களால் நிறைந்தது.

பஞ்சக் காலமும் சங்கப் பணியும்

1873ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஜோதிராவ் சத்தியசோதக் சமாஜம் என்னும் உண்மை நாடுவோர் சங்கத்தை நிறுவினார். சாதி வேற்றுமையையும் புரோகிதத்தையும் நீக்கிய சங்கம் அது. அம்மையார் அதன் பணிகளில் முன்னின்றார். புரோகிதர் இல்லாத எளிய திருமணங்களைச் சங்கம் நடத்தியதால், ஏழைக் குடும்பங்கள் திருமணச் செலவிற்காகக் கடன்பட்டு அழியும் நிலை குறைந்தது. 1889இல் தம் மகன் யஷ்வந்தின் திருமணத்தையும் அம்முறையிலேயே நடத்தினர். ஊருக்குச் சொன்னதைத் தம் வீட்டிலும் செய்தனர்.

1876 முதல் 1878 வரை தக்காண நாட்டைக் கொடும் பஞ்சம் பிடித்தது. அதே பஞ்சம் அன்றைய சென்னை மாகாணத்தையும் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்போம். அம்மையார் ஜுன்னர் வட்டாரத்துச் சிற்றூர்களுக்குச் சென்று சங்கத் தொண்டர்களுடன் துயர் துடைத்தார். பசித்த பிள்ளைகளுக்குச் சோறிடும் இல்லங்களைச் சங்கத்தார் நடத்தினர். பள்ளி தொடங்கியபோது 17 வயதாக இருந்த அவருக்கு அப்போது வயது 46. ஆசிரியை அகப்பையும் ஏந்தினார்.

1890ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் ஜோதிராவ் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் அம்மையாரே சட்டி ஏந்தி முன்னே நடந்தார். பெண்கள் சுடுகாட்டிற்கே செல்லாத காலத்தில் அது நடந்தது. பிறகு சங்கத்தின் பொறுப்பையும் தம் தோளில் ஏற்று, 1893இல் சாஸ்வடில் கூடிய சங்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

முதுகில் சுமந்த பிள்ளை

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் விரைவில் பூனாவிற்கும் பரவியது. அந்நோயைத் தீர்க்கும் மருந்து கண்டறியப்படாத காலம். உற்றாரே நோயாளியைத் தொட அஞ்சினர். 1897இல் அம்மையார் தம் மகன் யஷ்வந்தை வரவழைத்து, பூனாவின் புறத்தே ஹடப்சர்ப் பகுதியில் திறந்த வெளியில் ஒரு மருத்துவமனை அமைக்கச் செய்தார். மகன் மருத்துவம் பார்த்தார். தாய் நோயாளிகளைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்தார்.

முந்துவா என்னும் ஊரின் மகர் சேரியில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அம்மையார் அங்கு விரைந்து, அச்சிறுவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 66. சிறுவன் பிழைத்தான். நோய் அம்மையாரைப் பற்றிக்கொண்டது. 1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

இந்திய அரசு 1998இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. 2014இல் பூனாப் பல்கலைக்கழகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இவை தகுதியான சிறப்புகளே. எனினும் அவருடைய உண்மையான நினைவுச் சின்னம், அந்தச் சேரியில் பிழைத்தெழுந்த சிறுவனே என்பது என் எண்ணம்.

நம் கடமை

இளைஞர்களே, இவ்வரலாற்றில் நான் காணும் செய்தி ஒன்றே. சாவித்திரிபாய் அம்மையாரின் பணிகளில் பெரும்பாலானவை அவர் நடந்து செல்லக்கூடிய தொலைவிற்குள் நிகழ்ந்தவை. தம் வீடு, தம் தெரு, தம் ஊரின் புறஞ்சேரி இவையே அவருடைய களம். எங்கோ இருக்கும் துயரைத் தேடி அவர் செல்லவில்லை. கண்ணெதிரே இருந்ததைக் கண்டு விலகிச் செல்லவுமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் சேரியில் பிறந்தவர் அல்லர். ஆயினும் சேரிக்கு வந்தார். நாமோ சேரியில் பிறந்தவர்கள். படித்து வேலை பெற்றதும் சேரியை விட்டு நீங்குகிறோம். நகரத்தில் வீடு கட்டுவது தவறன்று. நம் பிள்ளைகள் நல்ல சூழலில் வளர வேண்டும் என்று விரும்புவதும் தவறன்று. நானும் அவ்வாறு நீங்கியவனே. பொங்கலுக்கும் இழவுக்கும் மட்டுமே ஊருக்குச் சென்ற ஆண்டுகள் எனக்கும் உண்டு. அதை எண்ணி நாணுவதால்தான் இதை எழுதும் துணிவு வந்தது.

இன்று அரசு இருக்கிறது, ஊராட்சி இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, நாம் செய்ய என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். திட்டங்கள் இருப்பது மெய். ஆனால் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாத பாட்டி நம் தெருவில் இருக்கிறாள். சாதிச் சான்றிதழ் உரிய நாளில் கிடைக்காமல் கல்லூரி இடத்தை இழக்கும் மாணவன் இருக்கிறான். மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்பது என்று அறியாமல் திரும்பி வரும் நோயாளி இருக்கிறார். அரசின் வாசலுக்கும் நம் மக்களின் வாசலுக்கும் இடையே உள்ள அந்தச் சிறு தொலைவை நடந்து கடக்கும் பணி, படித்தவர்களாகிய நம்முடையது.

ஆகவே வெள்ளி விழாவின் நினைவாக ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். நம் கழகத்தில் படித்து வேலை பெற்ற ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாம் பிறந்த தெருவிற்குத் தருவோம். இருவர் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லட்டும். இருவர் மனுக்கள் எழுதித் தரட்டும். இருவர் நோயுற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். 25 ஆண்டுகள் நம்மைச் சுமந்த தெரு அது. அதை நாம் சுமக்கும் முறை இப்போது வந்துள்ளது.

வாழ்க அன்னை சாவித்திரிபாயின் புகழ்! வளர்க நம் கழகத்தின் தொண்டு!