தமிழில் மருத்துவம் தந்த டாக்டர் கிரீன்

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் நம் மதுரை. ஒரு சொல் பிழையா, சரியா என்று அவை கூடி ஆராய்ந்ததாகக் கதை சொல்லும் ஊர் இது. அங்கே ஒரு சொல் பிழைத்திருந்தால் புலவனின் பெயர்தான் கெட்டிருக்கும். ஆனால் மருத்துவ நூலில் ஒரு சொல் பிழைத்தால் ஓர் உயிரே போய்விடக்கூடும். அந்தப் பொறுப்பைத் தலைமேல் தாங்கி, கடலுக்கு அப்பாலிருந்து தமிழ் எழுத்தாளர் குழு ஒன்றை நடத்தியவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அவருடைய வாழ்வை நம் பள்ளிச் சகோதரிகளுக்குச் சொல்ல விழைகிறோம்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உஸ்டர் என்றொரு நகர் உண்டு. அங்கே கிரீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையில் 1822ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் பிறந்தார். நியூயார்க் நகரில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன், நியூயார்க் மாநகரை உருவாக்கிய பெருமக்களுள் ஒருவராகப் பிற்காலத்தில் புகழ்பெற்றார். தம்பியும் அந்நகரிலேயே தங்கியிருந்தால் செல்வமும் செல்வாக்கும் தேடி வந்திருக்கும். அவரோ 1847இல் பாய்மரக் கப்பலேறிப் பல மாதங்கள் கடலில் கழித்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பள்ளிகளையும் அச்சகத்தையும் நடத்தி வந்தது. அந்த மிஷனிலிருந்து வந்தவர்களே 1834இல் நம் மதுரையிலும் பணி தொடங்கினார்கள். ஆகவே கிரீனின் கதை நமக்கு அயலூர்க் கதையன்று.

அடுத்த ஆண்டே கிரீன் மானிப்பாய் என்னும் ஊரில் மருத்துவ நிலையம் அமைத்து, இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கலானார். காலரா ஊர் ஊராகப் பரவி உயிர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. ஒரு மருத்துவர் எத்தனை வீடுகளுக்குத்தான் ஓட முடியும்? ஊருக்கொருவர் வேண்டும் என்று அவர் கருதினார். அவரிடம் பயின்றவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. ஆனால் ஒரு குறையைக் கிரீன் கண்டார். ஆங்கிலத்தில் தேறிய மருத்துவர்கள் அரசு உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றார்கள். எந்த ஏழைகளுக்காகப் பயிற்சி தொடங்கினாரோ, அந்த ஏழைகளிடம் மருத்துவம் போய்ச் சேரவில்லை. எனவே 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பது என்று முடிவு செய்தார்.

முடிவு செய்வது எளிது, நூல் எங்கே? டப்ளினில் எழுதப்பட்ட பிரசவ நூலும், லண்டனில் எழுதப்பட்ட அறுவை நூலும், அமெரிக்காவில் எழுதப்பட்ட உடலியல் நூலும் தமிழில் பேச வேண்டும். தாமே தமிழ் கற்ற கிரீன், இப்பணியைத் தனியொருவராகச் செய்யவில்லை. தம் மாணவர்களையே எழுத்தாளர்களாக்கினார். டான்போர்த், சாப்மன், வில்லியம் பால், சுவாமிநாதர் ஆகியோர் அவர்களுள் சிலர். முதலிருவரின் பெயரைக் கண்டு மேனாட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலப் பெயர் பூண்ட தமிழர்களே அவர்கள். மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், ஆசிரியர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். இதுவே அக்குழுவின் முறை.

பலர் சேர்ந்து எழுதும்போது ஒரு தொல்லை வரும். ஒரே உறுப்புக்கு ஒருவர் ஒரு பெயரும் மற்றொருவர் வேறொரு பெயரும் இட்டுவிட்டால், படிக்கும் மாணவன் இரண்டு உறுப்புகள் என்று எண்ணிக் குழம்புவான். இதைத் தவிர்க்கக் கிரீன் ஒரு வரிசை வகுத்தார். முதலில் தமிழில் சொல் உண்டா என்று தேட வேண்டும். இல்லையெனில் வடமொழியில் தேட வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால்தான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுத வேண்டும். தேர்ந்த சொற்களைக் கலைச்சொல் தொகுதிகளாகவும் வெளியிட்டார். இன்று நம் அறிவியல் பாடநூலின் கடைசிப் பக்கங்களில் கலைச்சொற்களைப் புரட்டும் நாம், அப்பழக்கத்தின் மூத்த வேர்களுள் ஒன்று மானிப்பாயில் இருப்பதை அறிந்துகொள்வது நல்லது.

இவ்வாறு உருவான நூல்கள் பல. பிரசவ வைத்தியம் 1857இல் வெளிவந்தது. பேறுகாலத்தில் தாயும் சேயும் மடிவது வீட்டுக்கு வீடு நிகழ்ந்த நாளில், அந்நூல் எத்தனை பெண்களுக்குத் துணையாக இருந்திருக்கும் என்று பெண்களாகிய நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். இரண வைத்தியம் 1867இல் வந்தது. மருத்துவ மாணவர் இன்றும் பெயர் சொல்லும் கிரேயின் உடற்கூற்று நூல், மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் 1872இல் தமிழாயிற்று. அதே ஆண்டு வைத்தியாகரமும் வந்தது.

ஆயினும் எல்லாரும் அவரை வாழ்த்தவில்லை. தமிழில் படித்தால் அரசு வேலை கிடைக்குமா என்று மாணவர்களே கேட்டார்கள். 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கில வழியில் திறக்கப்பட்டது. வேலையும் மதிப்பும் அந்தப் பக்கம் இருந்தன. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய அந்த இளைஞர்களை நாம் குறைகூற முடியுமா? ஊரின் தேவை ஒருபுறம், பிள்ளையின் பிழைப்பு மறுபுறம். தமிழ் வழியில் படித்து, மேற்படிப்புக்குச் செல்லும்போது ஆங்கிலத்தைக் கண்டு மிரளும் நம் தோழியருக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும் இந்தச் சிக்கல் நன்றாகப் புரியும். கிரீனிடம் அதற்கு முழு விடை இருந்தது என்று சொல்ல மாட்டோம். தம் முடிவில் அவர் பின்வாங்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

1873இல் உடல்நலம் குன்றி அவர் தாயகம் திரும்பினார். இத்துடன் பணி முடிந்தது என்று யாரும் நினைத்திருப்பார்கள். உண்மையில் அரியதொரு பகுதி அதன் பிறகே தொடங்கியது. மானிப்பாயில் மாணவர்கள் எழுதினார்கள். கைப்பிரதிகள் கப்பலேறி அமெரிக்கா சென்றன. பனி பெய்யும் உஸ்டரில் அமர்ந்து கிரீன் தமிழ் எழுத்துகளைத் திருத்தினார். திருத்திய தாள்கள் மீண்டும் கடல் கடந்து வந்தன. ஓர் ஐயத்தைக் கேட்டு விடை பெறவே மாதங்கள் கழியும். இன்று மதுரையில் அமர்ந்து அயல்நாட்டு நிறுவனங்களுக்கு நூலும் குறிப்பும் எழுதும் நம் அக்காமார், விடை நொடியில் வரவில்லையென்றால் பொறுமை இழக்கிறார்கள். அன்று அவர்களைச் சேர்த்துக் கட்டியவை இரண்டே: முன்பே ஒப்புக்கொண்ட சொல் வரிசையும், ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையும். ஆசிரியர் பக்கத்தில் இல்லையென்று மாணவர்கள் மனம்போனபடி எழுதவில்லை. தாம் பக்கத்தில் இல்லையென்று ஆசிரியரும் அவர்கள்மேல் ஐயங்கொண்டு பணியை நிறுத்தவில்லை.

அதன் பயனாகக் கெமிஸ்தம் என்னும் வேதியியல் நூல் 1875இல் வெளிவந்தது. மனுஷ சுகரணம் என்னும் உடலியல் நூல் 1883இல் வந்தது. மொத்தத்தில் நான்காயிரம் பக்கங்களுக்கு மேல் மருத்துவத் தமிழ் அவர் மேற்பார்வையில் உருவாயிற்று. 1884ஆம் ஆண்டு மே மாதம் கிரீன் இறைவனடி சேர்ந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியராக வாழ்ந்தவர் என்பதே அவருடைய கல்லறையில் பொறித்த செய்தி. கடைசிவரை தம்மை அவர் எவ்வாறு எண்ணினார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தமிழ் வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. அது வருந்தத்தக்கதே. ஆனால் தமிழில் அறிவியல் எழுத முடியுமா என்று இனி எவரும் ஐயுற இடமில்லாமல் அந்நூல்கள் நிற்கின்றன. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனையும் இருக்கிறது.

சகோதரிகளே, நம்முள் சிலர் நாளை நம் மதுரை மருத்துவக் கல்லூரியின் படியேறலாம். ஆங்கிலத்தைத் துணிவோடு கற்போம். படித்து முடித்த பின், மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ ஒரு தாய் தன் நோயைச் சொல்லி நம் முகத்தைப் பார்ப்பாள். அவளுக்கு விளங்கும் தமிழில் விடை சொல்வோம். கிரீன் தொடங்கி வைத்த மொழிபெயர்ப்பில் நம் பங்கு அதுவே.