பரண்ல பி.யு.சின்னப்பா இருக்காரா... பார்த்தீங்களா?

புதுக்கோட்டைப் பக்கம் தாத்தா வீடு இருந்தா, பரணில் இருக்கிற தகரப்பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்க. பழைய சினிமா பாட்டுப் புத்தகம் சிக்கலாம். அதில் பி.யு.சின்னப்பா பெயர் இருந்தா, பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க!

இன்ஸ்டாவில் ரெட்ரோ போஸ்டர் தேடுற நமக்கு அவரைத் தெரியாது. 1916-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர், இயற்பெயர் சின்னசாமி. சின்ன வயசிலேயே நாடக கம்பெனி. குரல் உடைஞ்சதும் ஊர் திரும்பி சங்கீதமும் சிலம்பமும் கத்துக்கிட்டார். 1936-ல் வந்த 'சந்திரகாந்தா'வில் சின்னசாமின்னுதான் பெயர் போட்டிருப்பாங்க. 1940-ல் 'உத்தமபுத்திரன்', இரட்டை வேடம். அதுக்கப்புறம் தியாகராஜ பாகவதருக்குச் சரியான போட்டி இவர்தான். இவங்க ரெண்டு பேரோட ரசிகர்களும் மோதிக்கிட்டது தனிக் கதை!

உச்சத்தில் இருந்தது முழுக்க உலகப்போர் காலம். குண்டு விழும்னு பயந்து சென்னையை மக்கள் காலி பண்ணின 1942-ல் 'கண்ணகி' வந்தது. இவர் கோவலன், கண்ணாம்பா கண்ணகி. அடுத்த வருஷம் கச்சா ஃபிலிமுக்கும் ரேஷன். படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாதுன்னு அரசாங்க உத்தரவு. அந்த நெருக்கடியிலும் 1944-ல் 'ஜகதலப்பிரதாபன்' வந்தது. ஒரே ஃப்ரேமில் ஐந்து சின்னப்பா உட்கார்ந்து கச்சேரி பண்ணுவாங்க. கம்ப்யூட்டர் இல்லாத காலம்ங்க!

டிவி, யூடியூப் எதுவும் இல்லாதப்போ, படத்தை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வழி தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம். நடிகர் பட்டியல், பாட்டு வரிகள், பாதியில் நிறுத்திய கதைச் சுருக்கம் எல்லாம் அதில் இருக்கும். க்ளைமாக்ஸ் வேணும்னா டிக்கெட் எடுக்கணும். செம பிசினஸ் மூளை! அந்தக் காலப் படங்கள் பலவற்றுக்கு இன்னைக்குப் பிரதியே இல்லை. யார் நடிச்சாங்க, என்ன பாடினாங்கங்கிறதுக்கு அந்தச் சாணித்தாள்தான் சாட்சி.

சம்பாதிச்சதையெல்லாம் சின்னப்பா புதுக்கோட்டையில் வீடுகளா வாங்கிக் குவிச்சார். இனி வாங்கக் கூடாதுன்னு சமஸ்தானமே தடை போட்டதா ஊரில் இப்பவும் சொல்வாங்க. 1951 செப்டம்பரில், அதே ஊரில் இறந்துபோனார். வயசு 35தான். 'சுதர்சன்' படம் அவர் போன பிறகுதான் ரிலீஸ் ஆச்சு.

புத்தகம் கிடைச்சா லேமினேட் பண்ணாதீங்க, செல்லோடேப்பும் ஒட்டாதீங்க. முதல்ல பக்கம் பக்கமா போட்டோ எடுங்க. அப்புறம் காத்தோட்டமா, ஈரம் படாத இடத்தில் எடுத்து வைங்க.