கொல்லிமலையிலிருந்து லண்டனுக்கு

மேல்படிப்புக்கு டெல்ஃப்ட், லெய்டன் என்று புறப்படும் நம் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு டாக்டர் பால் பிராண்டைப் பற்றிச் சொல்ல ஆசை.

1914-ல் பிறந்தவர். அப்பா, அம்மா கொல்லிமலையில் மிஷனரிகள். மலையில் மரமேறித் திரிந்த பையனை, 1923-ல், 9 வயதில், படிப்புக்காக லண்டனில் விட்டார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைதான், ஆனாலும் அந்த ஊருக்குப் புதுசு. 1929-ல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். தந்தி வந்த பிறகும் அவர் முன்னே எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன.

அப்பாவைப் போல மிஷனரியாகத் திரும்பணும் என்று முதலில் கட்டட வேலை கற்றார். தச்சு, கொத்து எனச் சில வருஷம். மருத்துவம் அப்புறம்தான்.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். விரல் தேய்வது வலி தெரியாமல் படும் காயங்களால் என்று காட்டினார். குணமானவர்களுக்குத் தச்சுப் பட்டறையும் வைத்தார். 2003-ல் மறைந்தார்.

எஞ்சினியரான எனக்கு அந்தப் பட்டறைதான் மனசில் நிற்கிறது. லண்டனில் உளி பிடித்த வருஷங்கள் வீண்போகவில்லை. புது ஊரில் முதல் வருஷம் வீணாகிறதே என்று தோன்றும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.