வலியின் காரணம் தேடிய மருத்துவ மேதை இப்னு சீனா

உடல் கொண்டு வாழும் மாந்தர் யாவர்க்கும் வலி பொதுவானது. அரசன் என்றும் ஆண்டி என்றும் அது வேறுபாடு காட்டுவதில்லை. எனினும் உடல் உழைத்து உண்பாரை அது சற்று மிகுதியாகவே நாடுகிறது. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் வடசென்னைக் கடற்கரைப் பகுதியை நோக்குவோமாயின் இவ்வுண்மை எளிதில் விளங்கும். துறைமுகத்தில் சுமை தூக்கியோர், காசிமேட்டில் வலை இழுப்போர், தொழிற்சாலைகளில் நாள் முழுதும் நின்று பணிபுரிவோர் ஆகியோரின் இல்லங்களில் மூட்டுவலியும் இடுப்புவலியும் அழையா விருந்தாளிகள். மருத்துவரை நாடாமலேயே மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் பணிக்குச் செல்லும் பழக்கமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது.

வலி என்பது யாது, அதனைப் போக்கும் மருந்துகள் எத்தனை வகைப்படும், அவற்றுள் எதனை முதலிலும் எதனை இறுதியிலும் நாடல் வேண்டும் என்பனவற்றை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தெளிவுற வகுத்துரைத்தவர் இப்னு சீனா ஆவார். நோயுற்றோர் மருந்து தேடுதல் வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய வழியில், மருத்துவத்தைப் பேரறமாகப் போற்றிய முஸ்லிம் அறிஞர்களுள் இவர் தலையாயவர். இவர்தம் வாழ்வையும், வலி குறித்து இவர் வகுத்த நெறியையும் ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

அபூ அலீ அல்ஹுஸைன் இப்னு அப்துல்லாஹ் இப்னு சீனா என்பது இவரது முழுப்பெயர். மேலைநாட்டார் இவரை அவிசென்னா என்று அழைப்பர். இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகரின் அருகே அஃப்ஷனா என்னும் சிற்றூரில் கி.பி. 980 இல் இவர் பிறந்தார். தந்தையார் அப்துல்லாஹ் பல்க் நகரைச் சேர்ந்தவர்; அரசுப் பணியில் இருந்தவர்.

பத்து வயதிற்குள் இப்னு சீனா திருக்குர்ஆனைக் கற்று முடித்தார். அதன்பின் தந்தையார் அவரைக் காய்கறி வணிகர் ஒருவரிடம் அனுப்பினார். வாணிகம் பழகுவதற்கு அன்று. அவ்வணிகர் இந்தியக் கணக்கு முறையில் வல்லவராக இருந்தமையால் அதனைக் கற்பதற்கே ஆகும். நம் நாட்டில் தோன்றிய எண்முறை புகாராவின் கடைத்தெரு வரை சென்று வழங்கியமையும், அறிவு எவரிடம் இருப்பினும் சென்று பெறல் வேண்டும் என்ற அத்தந்தையின் பெருநோக்கும் இந்நிகழ்ச்சியால் புலனாகின்றன.

பின்னர் அளவையியலையும் வடிவ கணிதத்தையும் வானியலையும் கற்றார். அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் நூலை நாற்பது முறை படித்தும் அதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. ஒருநாள் புத்தகக் கடைத்தெருவில் மூன்று திர்ஹம் கொடுத்து அல்ஃபாராபியின் சிறு விளக்கநூல் ஒன்றை வாங்கினார். அதனைப் படித்ததும் பொருள் விளங்கிற்று. மகிழ்ந்த அவர் மறுநாளே இறைவனுக்கு நன்றி செலுத்தி ஏழைகளுக்குத் தருமம் வழங்கினார். ஒரு முறை படித்து விளங்கவில்லை எனின் நூலை மூடிவிடும் மாணவர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துதல் நலம்.

பதினாறாம் வயதிலேயே மருத்துவம் பயின்று நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கினார். அக்காலத்தில் புகாராவை ஆண்ட நூஹ் இப்னு மன்சூர் நோயுற்றபோது, இளைஞரான இப்னு சீனாவும் அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். மன்னருக்குத் தொண்டு புரிந்த அவர், அரண்மனை நூலகத்தைப் பயன்படுத்த இசைவு கேட்டுப் பெற்றார். பெட்டி பெட்டியாக அடுக்கப்பெற்ற அரிய நூல்களைக் கற்றுப் பதினெட்டாம் வயதில் தம் கல்வியை நிறைவு செய்தார்.

அலைச்சலும் சிறையும்

தந்தையாரின் மறைவும் ஆட்சி மாற்றங்களும் அவரைப் புகாராவிலிருந்து வெளியேற்றின. குர்கஞ்ச், ஜுர்ஜான், ரய் என ஊர் ஊராக அலைந்தார். ஜுர்ஜானில் அல்ஜூஸ்ஜானி என்னும் மாணவர் அவரை அடைந்து இறுதிவரை உடனிருந்தார். ஆசிரியரின் வாழ்வை நாம் அறிந்துகொள்வது பெரிதும் அம்மாணவர் எழுதிவைத்த குறிப்புகளாலேயாம்.

ஹமதானை ஆண்ட ஷம்சுத் தவ்லா கடும் வயிற்றுவலியால் துன்புற்றபோது இப்னு சீனா அவரைக் குணப்படுத்தி, அமைச்சரும் ஆனார். படைவீரர்கள் கிளர்ந்தெழுந்து அவரைக் கொல்லுமாறு வற்புறுத்தவே, நண்பர் ஒருவரின் இல்லத்தில் நாற்பது நாள் மறைந்திருந்தார். மன்னருக்கு மீண்டும் வயிற்றுவலி வந்தது. அமைச்சுப் பதவி மீண்டும் அவரைத் தேடி வந்தது. பகலில் அரசுப்பணி; இரவில் மாணவர்க்குப் பாடமும் நூலாக்கமும். ஷம்சுத் தவ்லா 1021 இல் இறந்தபின், ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறையிடப்பட்டார். அச்சிறையிலும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. பின்னர் சூஃபி வேடம் பூண்டு இஸ்ஃபஹானுக்குத் தப்பிச் சென்றார். அங்கு அலாவுத் தவ்லாவின் ஆதரவில் இறுதிக்காலத்தைக் கழித்தார்.

மருத்துவச் சட்டம்

இத்தகைய அலைச்சலுக்கிடையே சிறிது சிறிதாக எழுதப்பெற்று, 1025 ஆம் ஆண்டளவில் நிறைவுற்றதே ‘அல்கானூன் ஃபித் திப்’ என்னும் பெருநூல். மருத்துவச் சட்டம் என்பது அதன் பொருள். ஐந்து பகுதிகளையுடைய இந்நூலில் பொது நெறிகள், தனி மருந்துகள், தலை முதல் கால் வரையிலான நோய்கள், காய்ச்சல் முதலிய பொது நோய்கள், கூட்டு மருந்துகள் ஆகியன முறையே கூறப்பெறுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனா நகரத்து ஜெரார்டு என்பார் ஸ்பெயினின் தொலேடோ நகரில் இதனை இலத்தீனில் பெயர்த்தார். பதினேழாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இது பாடநூலாக விளங்கியது.

புதிய மருந்தை எங்ஙனம் ஆய்வது என்பதற்கு இப்னு சீனா ஏழு விதிகளை வகுத்தார். மருந்து கலப்பற்றதாக இருத்தல் வேண்டும். பல நோய் கலந்த உடலில் அன்றி ஒரு நோயுள்ள உடலில் அதனைச் சோதித்தல் வேண்டும். அதன் பயன் ஒருமுறை அன்றி எப்பொழுதும் காணப்படுதல் வேண்டும். விலங்கின் உடலில் கண்ட பயனை மட்டும் நம்பாது மனித உடலில் ஆய்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. இன்றைய மருந்தாய்வுக் கூடங்களின் நெறிக்கு இவை முன்னோடி எனின் மிகையன்று.

வலியும் மருந்தும்

வலியை அவர் பதினைந்து வகையாகப் பிரித்தார். குத்தும் வலி, குடையும் வலி, கிழிக்கும் வலி, அழுத்தும் வலி, துடிக்கும் வலி, பாரமான வலி, மரத்துப்போகும் வலி எனப் பலவாக அது விரியும். நம் தமிழ்த் தாய்மாரும் கடுக்கிறது, உளைகிறது, இழுக்கிறது, குத்துகிறது என்று வேறுபடுத்தியே உரைப்பர். அச்சொற்கள் வெறும் புலம்பல் அல்ல. நோயின் காரணத்தைச் சுட்டும் குறிகள் என்பதை இப்னு சீனாவின் பகுப்பு நமக்கு உணர்த்துகிறது.

வலி போக்கும் மருந்துகளை அவர் மூவகைப்படுத்தினார். முதல் வகை, வலியின் காரணத்தையே நீக்குவது. இரண்டாம் வகை, வலிக்கும் இடத்தை இதப்படுத்தித் தணிப்பது. மூன்றாம் வகை, உணர்வை மரக்கச் செய்வது. அபினி இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. இம்மூன்றனுள் முதலாவதே உண்மையான மருந்து என்பது அவர் முடிபு. மரக்கச் செய்யும் மருந்து வலியை மறைக்குமேயன்றி நோயை நீக்காது. ஆதலின் வேறு வழியற்ற நிலையில் மட்டுமே அதனை அளவறிந்து ஈதல் வேண்டும் என்று எச்சரித்தார். மெல்ல நடத்தல், இனிய இசை, மனத்தை ஈர்க்கும் பணியில் ஈடுபடல் ஆகியனவும் வலியைத் தணிக்கும் எனக் கூறினார். நோயின் காரணத்தை முதலில் நாடச் சொல்லும் திருவள்ளுவரின் ‘மருந்து’ அதிகாரத்தைப் பயின்ற நமக்கு இக்கருத்து புதியதன்று.

மூட்டுவலிக்கும், நக்ரஸ் எனப்படும் கீல்வாத வகைக்கும் அவர் பரிந்துரைத்த மருந்துகளுள் சூரஞ்சான் என்னும் கிழங்கு குறிப்பிடத்தக்கது. இது இரைப்பைக்கு ஊறு செய்யும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். எனவே மிளகு, சீரகம், சுக்கு முதலியவற்றைத் துணை சேர்த்தே இதனை வழங்குவது யுனானி மரபு. 1820 இல் பிரெஞ்சு வேதியியலாரான பெல்லத்தியே, கவாந்து ஆகிய இருவரும் இவ்வினச் செடியினின்று கோல்சிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகத் தங்குவதால் தோன்றும் நோய்க்கு இன்றைய அலோபதி மருத்துவரும் இதனைச் சிற்றளவில் வழங்குகின்றனர். அளவு மிகின் இதுவே நஞ்சாகி உயிரைப் போக்கும்.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. இதே கோல்சிசின் நம் தமிழகத்தின் மாநில மலராகிய செங்காந்தளிலும் இருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் முதலில் நிற்பது இக்காந்தளே. கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று நம் உழவர் வழங்கும் இதனைத் தாராபுரம், மூலனூர், வேதாரண்யம் முதலிய பகுதிகளில் பயிரிட்டு, மருந்து உற்பத்திக்காக விதையை அனுப்புகின்றனர். புகாராவின் மருத்துவரும் குறிஞ்சியின் புலவரும் ஒரு வேதிப்பொருளில் சந்திக்கின்றனர் எனலாம். ஆயின் இக்கிழங்கைத் தாமே பறித்து உண்பது பேரிடர் என்பதையும் இங்கே கூறியாக வேண்டும்.

மேதையின் முடிவு

வலியையும் மருந்தின் அளவையும் இத்துணை நுட்பமாக அறிந்த இப்னு சீனாவின் முடிவு, அளவு மீறிய மருந்தோடு தொடர்புற்றமை நெஞ்சை உருக்கும் செய்தியாகும். போர்க்களப் பயணமொன்றில் அவர்க்குக் கடும் வயிற்றுவலி கண்டது. விரைவில் நலம்பெற விழைந்த அவர், ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டார், குடல் புண்ணாயிற்று. பிறகு அம்மருந்தில் இரண்டு தானிக் எடை செலரி விதை சேர்க்கச் சொன்னார். உடனிருந்த மருத்துவரோ ஐந்து திர்ஹம் எடையைச் சேர்த்துவிட்டார். ஒரு திர்ஹம் ஆறு தானிக் ஆதலின் இது பதினைந்து மடங்கு. தவறியா, வேண்டுமென்றா என்பது தமக்குத் தெரியவில்லை என அல்ஜூஸ்ஜானி குறித்துள்ளார். இது போதாதென, அவர் பொருளைக் களவாடிய பணியாட்கள் அவர் உண்ணும் மருந்தில் அபினியை மிகுதியாகக் கலந்தனர்.

ஓரளவு தேறி ஹமதானுக்குச் செல்லும் வழியில் நோய் மீண்டது. தம் உடலின் ஆற்றல் தீர்ந்துவிட்டதை உணர்ந்த அம்மருத்துவர் சிகிச்சையை நிறுத்திவிட்டார். தம் அடிமைகளை விடுதலை செய்தார். பொருளை ஏழைகளுக்கு வழங்கினார். மூன்று நாட்களுக்கு ஒருமுறை திருக்குர்ஆனை ஓதி முடித்தார். 1037 இல், தம் ஐம்பத்தேழாம் வயதில் இறையடி சேர்ந்தார். ஹமதானில் அவர் அடக்கவிடம் இன்றும் போற்றப்படுகிறது.

நமக்குரிய பாடம்

இப்னு சீனாவின் நூலை அடிப்படையாகக் கொண்ட யுனானி மருத்துவம் ஹக்கீம்கள் வழியே தமிழகத்திலும் வளர்ந்தது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி 1979 இல் தொடங்கப்பெற்றது. இராயபுரம் மேற்கு மாதா கோவில் சாலையில் நடுவண் அரசின் மண்டல யுனானி மருத்துவ ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பது வடசென்னைக்குப் பெருமை. பழைய மருந்துகளை ஆய்ந்து நோக்கும் பணி அங்கே நடைபெறுகிறது. நாற்குற்றக் கொள்கை போன்ற பண்டைய கருத்துகளை இன்றைய உடலியல் ஏற்பதில்லை. எனினும் ஆய்ந்தே ஏற்க வேண்டும் என்ற அவர்தம் நெறி முதுமை எய்தவில்லை.

இன்று நமக்கு ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் கிடைக்கின்றன. உடலில் அழற்சியையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவதை இவை தடுக்கின்றன என்பதை 1971 இல் ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் கண்டறிந்து, 1982 இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அப்பொருளே இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் குருதியோட்டத்தையும் காப்பதாகும். ஆதலின் இம்மாத்திரைகளை நெடுநாள் விழுங்குவோர்க்கு வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் நேரக்கூடும். முதியோர், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் ஆகியோர்க்கு இடர் மிகுதி. பெயரில்லாப் பொட்டலங்களில் வரும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றும் மருத்துவர் எச்சரிக்கின்றனர். முடக்குவாதத்தில் வலியை மட்டும் தணித்துக் காலம் கடத்தினால் மூட்டு உருக்குலையும். உரிய காலத்தில் நோயையே கட்டுப்படுத்தும் மருந்து தொடங்கினால் மூட்டைக் காக்கலாம். காரணத்தை நீக்குவதே உண்மை மருந்து என்ற இப்னு சீனாவின் முடிபு இங்கு எத்துணைப் பொருத்தமாக அமைகிறது!

உழைக்கும் பெற்றோர்க்குப் பிறந்த மாணவச் செல்வங்கள் இன்று இல்லம் திரும்பியதும் தந்தையின் சட்டைப் பையிலும் அன்னையின் அஞ்சறைப் பெட்டியிலும் உள்ள வலி மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். அவற்றை நாள்தோறும் அவர்கள் விழுங்குவார்களாயின், அன்போடு அழைத்து ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்கு இட்டுச் செல்லுங்கள். இப்னு சீனாவின் பெயரை விழா மேடையில் முழங்குவதினும், அவர் காட்டிய நெறியில் ஒரு முதியவரின் வலிக்குக் காரணம் தேடுவது மேலான நினைவஞ்சலியாகும். அந்நற்பணிக்கு எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக!