பழைய இத்தாலி சைக்கிளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? துல்லியோ கம்பன்யோலோவின் கதை

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு சைக்கிளில் இறங்குவது சுகம். பெடலே மிதிக்க வேண்டாம், பிரேக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அருவியைப் பார்த்து, பரிசலில் ஒரு சுற்று போய், பொரித்த மீனைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி ஏறும்போதுதான் கால் பேச ஆரம்பிக்கும். அப்போது லீவரை ஒரு தட்டுத் தட்டினால் செயின் பெரிய பல்சக்கரத்துக்குத் தாவும், மிதிப்பது லேசாகும். இன்றைக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

இதே மலைப்பாதையில் 1920களின் ரேஸ் சைக்கிளோடு ஒருவர் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? ஏற்றம் தொடங்கும் இடத்தில் இறங்குவார். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் காது வைத்த நட்டுகளைக் கையால் திருகிக் கழற்றுவார். சக்கரத்தை வெளியே எடுத்து, இடவலமாகத் திருப்பி மாட்டுவார். ஒரு பக்கம் சமதரைக்கான சின்னப் பல்சக்கரம், மறுபக்கம் ஏற்றத்துக்கான பெரிய பல்சக்கரம். நட்டை மறுபடி இறுக்கி, செயினைச் சரிபார்த்து, ஏறி உட்கார்ந்து மிதிப்பார். உச்சிக்குப் போனதும் திரும்ப இதே வேலை. அந்தக் காலத்து 'கியர் மாற்றம்' இதுதான்.

இந்த அவஸ்தையிலிருந்து சைக்கிள்காரர்களை விடுவித்தவர்களில் முக்கியமானவர் துல்லியோ கம்பன்யோலோ. பழைய இத்தாலி ரேஸ் சைக்கிள்களைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கும் ஆட்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'கேம்பி' என்றால் போதும், முகம் மலரும். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வதில் ஒரு நடைமுறை லாபமும் இருக்கு. ஃப்ரேமில் ஒட்டியிருக்கும் பெயர் பொய் சொல்லலாம். பெயின்ட் நேற்று அடித்ததாக இருக்கலாம். ஆனால் அவர் பட்டறையிலிருந்து வந்த பாகங்கள் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

யார் இவர்?

1901 ஆகஸ்ட் 26-ம் தேதி இத்தாலியின் விச்சென்சா நகரில் பிறந்தார். அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. கடையின் பின்பக்கத்தில் இரும்பை அறுத்து, ராவி, ஏதாவது ஒன்றைச் செய்து பார்ப்பது சின்ன வயதிலேயே பழகிவிட்டது. இன்னொரு பக்கம் சைக்கிள் பந்தயப் பித்து. 1920களில் பந்தயங்களில் ஓட்டினார். மோசமில்லாத வீரர், ஆனால் பெரிய சாம்பியன் இல்லை.

1927 நவம்பரில் ஒரு பந்தயம். குரோச்சே தௌனே என்ற கணவாயில் பனி. முன்னால் சொன்ன மாதிரி சக்கரத்தைத் திருப்பி மாட்ட இறங்கியவருக்கு, விறைத்துப்போன விரல்களால் அந்த நட்டைத் திருக முடியவில்லை. போட்டி கைவிட்டுப் போனது. பின்சக்கரத்தின் பிடிமானத்தை மாற்றியே ஆகவேண்டும் என்ற முடிவு அங்கேதான் பிறந்தது என்பது கம்பன்யோலோ நிறுவனம் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை. அந்தக் கணவாயில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னமே இருக்கிறது. ஆனால் சைக்கிள் வரலாற்றை ஆராய்பவர்களில் சிலர் இந்தக் கதையை அப்படியே ஏற்பதில்லை. நல்ல கண்டுபிடிப்புக்கு நல்ல கதை ஒன்று பின்னாடி வந்து ஒட்டிக்கொள்வது நமக்கும் பழக்கம்தானே.

கதை எப்படியோ, பொருள் உண்மை. சக்கரத்தின் அச்சைக் குடைந்து, அதற்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு, ஒரு முனையில் லீவர் வைத்தார். லீவரை மடக்கினால் சக்கரம் இறுகும், திறந்தால் கழன்று வரும். ஸ்பானரும் வேண்டாம், திருகவும் வேண்டாம். இன்று உங்கள் வீட்டுப் பிள்ளையின் கியர் சைக்கிளில் முன்சக்கரத்தை நொடியில் கழற்றுகிறீர்கள் என்றால் அந்த லீவரின் வம்சம்தான் அது. 1933-ல் விச்சென்சாவில் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஓட்டிக்கொண்டே கியர் மாற்றம்

அடுத்து அவர் செய்தது கொஞ்சம் விபரீதமான பொருள். பின்சக்கரத்துக்கு மேலே, வலப்பக்கச் சட்டத்தில் இரண்டு நீளமான கம்பிகள். வீரர் ஓடும் சைக்கிளில் கையைப் பின்னால் விட்டு, ஒரு கம்பியைத் திருப்பிச் சக்கரத்தின் பிடியைத் தளர்த்த வேண்டும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே இரண்டாவது கம்பியால் செயினை வேறு பல்லுக்குத் தள்ள வேண்டும். சக்கரம் கொஞ்சம் முன்பின் நகர்ந்து செயினின் தொய்வை எடுத்துக்கொள்ளும். பிறகு மறுபடி இறுக்க வேண்டும். இத்தனையும் ஓடும்போதே! இதற்குப் பெயர் காம்பியோ கோர்சா. படிக்கும்போதே பயமாக இருக்கு, இல்லையா? ஆனால் 1948 டூர் டி பிரான்ஸில் 34 வயது ஜினோ பர்தாலி ஜெயித்தது இதை வைத்துத்தான். பத்து வருடத்துக்கு முன் 1938-ல் முதல் முறை ஜெயித்தவர் அவர். 1950-ல் பாரிஸ் - ரூபே பந்தயத்தை ஃபௌஸ்தோ கோப்பி ஜெயித்தபோது, இரண்டு கம்பிக்குப் பதில் ஒரே கம்பி என்று அதே முறை எளிமையாகியிருந்தது.

கம்பி யுகம் அதோடு முடிந்தது. 1949-ல் மிலான் கண்காட்சியில் 'கிரான் ஸ்போர்ட்' கியரின் முதல் வடிவத்தை வைத்தார் துல்லியோ. 1951 வாக்கில் அது திருந்திய வடிவில் சந்தைக்கு வந்தது. கேபிளை இழுத்தால் நான்கு பக்கச் சட்டம் ஒன்று சாய்ந்து செயினை அடுத்த பல்லுக்குக் கொண்டுபோகும். இந்த இணைகர யோசனை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல, பிரான்சில் முன்பே இருந்தது. ஆனால் அதை உறுதியாக, வருடக்கணக்கில் உழைக்கிற மாதிரி செய்துகாட்டியது அவர்தான். இன்றைக்கும் பின்கியரின் அடிப்படை அதேதான்.

பாகங்கள் சொல்லும் வருடம்

இனி அவர் வாழ்க்கையும் சைக்கிளின் வயதும் ஒன்றாகவே நகரும். கிரான் ஸ்போர்ட், அதற்குப் பின் 1963-ல் வந்த 'ரெக்கார்ட்' இரண்டும் வெண்கலத்தில் செய்து குரோமியம் பூசியவை. கையில் எடுத்தாலே கனம் தெரியும். 1967-ல் வந்த 'நுவோவோ ரெக்கார்ட்' அலுமினியம். 1970களில் வந்த 'சூப்பர் ரெக்கார்ட்'டில் சில பாகங்கள் டைட்டானியம்.

பின்கியரின் மேல் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். 1970களின் நுவோவோ ரெக்கார்டுகளில் 'பேட்டன்ட்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 74, 78 என்று இரண்டு இலக்கம் இருக்கும். அது வருடம். கிராங்கைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால், 1973 முதல் 1979 வரை செய்தவற்றில் டைமண்ட் வடிவக் கட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். டைமண்டுக்குள் 6 என்றால் 1976. 1980களின் தொடக்கத்தில் கட்டம் வட்டமாக மாறிவிட்டது, வட்டத்துக்குள் 2 என்றால் 1982. சக்கர அச்சின் பூட்டு நட்டிலும் பல சமயம் இரண்டு இலக்க வருடம் குத்தியிருக்கும். கிராங்கில் பல்சக்கரத்தைப் பிடிக்கும் ஐந்து போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 151 மி.மீ. இருந்தால் 1967-க்கு முந்தையது, 144 என்றால் அதற்குப் பிந்தையது.

நான்கு இடத்திலும் 1976, 1977 என்று அக்கம்பக்கத்து வருடங்கள் வந்தால் சைக்கிள் பெரும்பாலும் பிறந்த மேனியோடு இருக்கிறது என்று அர்த்தம். கிராங்க் 1974, கியர் 1982, நட்டு 1969 என்று வந்தால்? யாரோ பல சைக்கிள்களைப் பிரித்து ஒன்று சேர்த்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் விலை அதற்கேற்ற மாதிரி பேச வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கம்பன்யோலோ பாகம் இருப்பதாலேயே சைக்கிள் இத்தாலியுடையது ஆகிவிடாது. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜப்பான் என்று எல்லா நாட்டு நல்ல சைக்கிள்களிலும் அவர் பாகங்கள் மாட்டப்பட்டன. ஃப்ரேமின் பிறப்பிடத்தை அடியில் பாருங்கள், பெடல் அச்சு நுழையும் குழாயில். அதன் அகலம் 70 மி.மீ., மரையின் விட்டம் 36 மி.மீ. என்றால் இத்தாலி மரபு. 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் ஆங்கில மரபு.

நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இங்கேதான் வினை. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ போன்ற நம் சைக்கிள்கள் பிரிட்டிஷ் மரபில் வந்தவை. அவற்றில் செயின் பக்கக் கப் இடது மரை, வலச்சுற்றாகத் திருப்பினால்தான் கழலும். முப்பது வருடம் வேலை பார்த்த கைக்கு அது யோசிக்காமலே வரும். இத்தாலி சைக்கிளில் இரண்டு பக்கமும் வலது மரை. பழக்க தோஷத்தில் வலச்சுற்றாக அழுத்தினால் கப் இன்னும் இறுகும். அதற்கு மேல் நீளக் குழாயை மாட்டி அழுத்தினால் மரையே போய்விடும். ஐம்பது வருடம் தாங்கிய ஃப்ரேம் ஐந்து நிமிடத்தில் வீணாகும். கடையில் விடும்போது இந்த ஒரு விஷயத்தை வாயால் சொல்லிவிடுங்கள், மெக்கானிக் கோவித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சைக்கிளுக்கு வெளியே

துல்லியோ சைக்கிளோடு நிற்கவில்லை. 1960களில் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரின் ஒரு மாடலுக்கு டிஸ்க் பிரேக் செய்து கொடுத்தார். பந்தயக் கார்களுக்கு மெக்னீசியச் சக்கரங்கள் வார்த்தார். ஒயின் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கும் திருகாணி ஒன்றையும் வடிவமைத்தார், தக்கையின் நடுவில் தானாக நேர்படுத்திக்கொள்ளும் வகை. அதையும் சேகரிக்க ஆட்கள் இருக்கிறார்கள்!

1972-ல் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தார். எர்னஸ்தோ கொல்னாகோ கட்டிய அந்தச் சைக்கிளில் இருந்தது எடையைச் சுரண்டிச் சுரண்டிக் குறைத்த கம்பன்யோலோ பாகங்கள். துல்லியோவின் புகழ் உச்சியில் இருந்த காலம் அது.

அதே காலத்தில் ஜப்பானில் சன்டூர் என்ற நிறுவனம், இணைகரத்தைச் சாய்வாக அமைத்து, விலையும் குறைவாக, இன்னும் லகுவாக மாறும் கியரைச் செய்துவிட்டது. உண்மையைச் சொன்னால், ஏற்றத்தில் நுவோவோ ரெக்கார்டைவிட அந்த மலிவு கியர் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நுவோவோ ரெக்கார்டைப் பிரித்துச் சேர்க்கலாம், ஒவ்வொரு திருகையும் மாற்றலாம். ஐம்பது வருடம் கழித்தும் அது ஓடுவதற்கு அதுதான் காரணம். புதுப்பிக்கிறவர்கள் அவரைக் கொண்டாடுவதும் இதற்காகத்தான்.

புதுப்பிக்கும்போது

முதல் விதி, பெயின்டைத் தொடாதீர்கள். கீறல் விழுந்த பழைய பெயின்டும் கிழிந்த ஸ்டிக்கரும் அந்தச் சைக்கிளின் பிறப்புச் சான்றிதழ். பளபளவென்று புதிதாக அடித்தால் வயதைச் சொல்லும் அடையாளங்களோடு மதிப்பும் போய்விடும். அலுமினியப் பாகங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டாம், பொறித்த எழுத்துகள் மங்கிவிடும்.

சீட்டைத் தாங்கும் அலுமினியக் கம்பி இரும்புக் குழாய்க்குள் ஒட்டிப்போயிருந்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். துருப்பிடித்த நட்டுகளைக் கழற்ற உதவும் ஊடுருவும் எண்ணெயை விட்டு, நாள்கணக்கில் காத்திருங்கள். பால்ரஸ்களைப் பழையபடி போடாமல் புதிதாக மாற்றுங்கள். ரெக்கார்ட் சக்கரங்களில் பின்னால் கால் அங்குலம், முன்னால் அதைவிடச் சின்னதாக 7/32 அங்குலம். இரண்டையும் கலந்துவிட்டால் சக்கரம் ஆடும். பிரேக் ரப்பர், கேபிள், டயர் மூன்றையும் யோசிக்காமல் புதிதாக வாங்கிவிடலாம்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நுவோவோ ரெக்கார்ட் காலத்து கிராங்குகளில், பெடல் தண்டும் ஐந்து கைகளும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் வருவதுண்டு. அழுக்கைத் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் சுவரில் மாட்டி வையுங்கள், ஓட்டாதீர்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது கிராங்க் உடைந்தால் முகம்தான் முதலில் தரையைத் தொடும். டைட்டானியம் அச்சு உள்ள சூப்பர் ரெக்கார்டுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும், உடைந்த அச்சுகளின் கதைகள் நிறையவே உண்டு.

துல்லியோ கம்பன்யோலோ 1983 பிப்ரவரியில் காலமானார். நிறுவனம் தொடங்கி அப்போது 50 ஆண்டு. பொன்விழாவுக்காக வெளியிட்ட தனிப் பாகத் தொகுப்பு இன்று சேகரிப்பாளர்கள் போட்டிபோட்டுத் தேடும் பொருள். மகன் வலன்தினோ பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டே ஜப்பானின் ஷிமானோ, லீவரை நகர்த்தினால் 'டக்' என்று சரியான பல்லில் போய் நிற்கும் கியரைக் கொண்டுவந்தது. 1980களின் பிற்பகுதியில் கம்பன்யோலோ வெளியிட்ட ஒரு பாகத் தொகுப்புக்கு வைத்த பெயர் குரோச்சே தௌனே, விரல் விறைத்ததாகச் சொல்லப்படும் அந்தக் கணவாயின் பெயர். உங்கள் கையில் கிடைத்த பழைய சைக்கிளின் பின்கியரில் அந்தப் பெயர் இருந்தால், அது துல்லியோ பார்க்காத பாகம்.