வலியோடு நூறு நாள்: மருகன் அடியார்கள் கேட்க வேண்டிய மாமன் வீட்டுக் கதை

 

நம்ம பக்கத்துல எப்பவும் அருணகிரியார், பாம்பன் சுவாமிகள், வள்ளிமலை சுவாமிகள்னு முருகன் அடியார் கதைதான் வரும். இந்த வாரம் மட்டும் கொஞ்சம் மேற்கே, மலையைத் தாண்டி, குருவாயூருக்குப் போயிட்டு வரலாம். அங்க இருக்கிறவர் யாரோ இல்லை. நம்ம கந்தனோட மாமன்தான். முருகனை மால்மருகன்னு வாய் நிறையக் கூப்பிடுறோம். அந்த மாமன் வீட்டு வாசல்ல வலியோட வந்து உட்கார்ந்த ஒரு அடியாரின் கதை நமக்கும் சொந்தம்தான்.

அவர் பேர் மேல்பத்தூர் நாராயண பட்டத்ரி. நாராயணீயம் பாடினவர்.

இவரை ஏன் இப்போ எடுத்தேன்னா, நம்ம குழுவுல நிறைய பேர் கம்ப்யூட்டர் வேலை. கை மரத்துப் போகுது, விரல்ல ஊசி குத்துற மாதிரி இருக்கு, ராத்திரி தூக்கம் கெடுதுன்னு சொல்றவங்க ஒண்ணு ரெண்டு பேர் இல்லை. சில பேருக்கு அது நரம்பு நோயாவே இருக்கு. தினமும் மாத்திரை, தினமும் வலி. சஷ்டி கவசம் படிக்கிறேன், ஏன் இன்னும் சரியாகலைன்னு மனசு உடையறவங்க இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்தக் கதை.

குருவும் சீடனும்

பட்டத்ரி பிறந்தது 1560-ஐ ஒட்டிய காலம். பாரதப்புழை ஆத்தங்கரையில, திருநாவாய்க்குப் பக்கத்துல மேல்பத்தூர் இல்லம். நல்லாப் படிச்ச நம்பூதிரிக் குடும்பம். ஆனா இளவயசுல இவர் கொஞ்சம் பொறுப்பில்லாமத் திரிஞ்சார்னுதான் செவிவழிக் கதை சொல்லுது.

அவரைத் திருத்தினவர் திருக்கண்டியூர் அச்யுத பிஷாரடி. இவர் சாதாரண வாத்தியார் இல்லை. வடமொழி இலக்கணத்தில் பெரிய புலவர், அதோட கோள்களின் நடையைக் கணக்குப் போடுற வானியல் அறிஞர். சங்கமகிராம மாதவன்ல தொடங்கின கேரளக் கணித மரபுல வந்தவர். விடிஞ்ச பிறகும் தூங்கின பட்டத்ரியை ஒரு நாள் அவர் கடுமையாக் கண்டிச்சாராம். அந்தச் சொல் தைச்சுது. அன்னைக்கே அவர் காலில் விழுந்து, எனக்குப் பாடம் சொல்லித்தாங்கன்னு கேட்டவர்தான் பட்டத்ரி. பிஷாரடி நம்பூதிரி குலம் இல்லை. அந்தக் காலத்துல ஒரு நம்பூதிரி அவரைக் குருவா ஏத்துக்கிட்டது சின்ன விஷயம் இல்லை.

சில வருஷத்துல சீடன் இலக்கணத்துல கரை கண்டார். அந்தச் சமயத்துல குருவுக்கு வாத நோய் வந்துச்சு. ஆயுர்வேதத்தில் வாதம்னா ஒரே நோய் இல்லை. சரக சம்ஹிதை வாதத்தால வர்ற கோளாறுகள்னு 80 சொல்லுது. மூட்டு இறுகுறது, குத்துவலி, உறுப்பு மரத்துப் போறது, அசைவு போறது எல்லாம் அதுக்குள்ள வரும். இன்னைக்கு நாம நரம்புக் கோளாறுன்னு சொல்ற பலதும் அந்தப் பட்டியல்ல அடக்கம்.

குரு படுற பாட்டைச் சீடனால பார்க்க முடியலை. குருதட்சிணையா அந்த நோயையே தனக்குக் கொடுத்துடச் சொல்லி வேண்டிக்கிட்டார். குரு எழுந்தார், சீடன் விழுந்தார். இது மரபா வர்ற கதை. நோய் அப்படி ஆள் மாறுமான்னு நம்ம அறிவு கேட்கும், கேட்கட்டும். எனக்கு இதுல முக்கியமாப் படுறது வேற. நோய்னாலே போன ஜென்மப் பாவம்னு முகத்துக்கு நேரா சொல்ற ஆட்கள் நம்மளைச் சுத்தி இருக்காங்க. வலியில இருக்கிறவனுக்கு அது ரெண்டாவது வலி. ஆனா நம்ம பெரியவங்க இந்த மகானோட கதையைச் சொல்லும்போது, அவர் உடம்புல இருந்த நோய்க்கு அன்பைத்தான் காரணமாச் சொன்னாங்க. பாவக்கணக்கை இழுக்கவே இல்லை.

மீன் தொட்டு

கையும் காலும் இறுகிப் போச்சு. வைத்தியம் பார்த்தும் தீரலை. இருபத்தஞ்சு வயசு இருக்கும். நம்ம குழுவுல பாதிப் பேரோட வயசு! ஏடும் எழுத்தாணியுமா வாழ வேண்டிய ஒரு இளைஞனுக்குக் கை போச்சுன்னா என்ன மிச்சம்?

அப்போ மலையாள மொழிக்குத் தந்தைன்னு கொண்டாடப்படுற துஞ்சத்து எழுத்தச்சன்கிட்ட ஆள் அனுப்பி வழி கேட்டாங்களாம். எழுத்தச்சன் சொன்னது ஒரே வரி. மீன் தொட்டு உண்ணச் சொல்லு. கேட்டு வந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சுத்த சைவமான நம்பூதிரிக்கு மீனா? ஆனா பட்டத்ரி சிரிச்சார். மீன் தொட்டுன்னா மீனில் தொடங்கி. அன்று தொட்டு இன்று வரைன்னு நாமும் சொல்றோமே, அதே தொட்டுதான். மச்சாவதாரம் தொடங்கி பெருமாளோட அவதாரங்களைப் பாடுன்னு அவர் சொல்லி அனுப்பியிருக்கார்னு புரிஞ்சுக்கிட்டார். நடக்க முடியாத உடம்போட குருவாயூருக்குப் போய்ச் சேர்ந்தார்.

நாளுக்கு ஒரு பதிகம்

சந்நிதிக்கு முன்னால இருக்கிற மண்டபத்துல உட்கார்ந்து பாட ஆரம்பிச்சார். பாகவதத்துல 18,000 சுலோகம்னு கணக்கு. அதைப் பிழிஞ்சு ஆயிரத்துச் சொச்சம் சுலோகமாக் கொண்டு வந்தார். ஏறக்குறைய பத்துப் பத்துப் பாட்டா நூறு தசகம். நாளுக்கு ஒண்ணா நூறு நாள்.

பல தசகம் முடியிற இடத்துல ஒரே வேண்டுதல் திரும்பத் திரும்ப வரும். குருவாயூரப்பா, என் நோயைத் தீர்த்து வைங்கிறதுதான் அது. பிரளயத்தைப் பாடி முடிச்சாலும் அதே வேண்டுதல், கண்ணனோட குறும்பைப் பாடி முடிச்சாலும் அதே வேண்டுதல். ஞானி மாதிரி வலியை மறந்துட்டேன்னு அவர் நடிக்கலை. வலிக்குதுன்னு ஒளிவு மறைவு இல்லாம சொன்னார். சொல்லிட்டு மறுநாள் அடுத்த தசகத்துக்கு வந்து உட்கார்ந்தார். நடுவுல நடுவுல இது உண்மையான்னு பெருமாளைக் கேட்பாராம், மூர்த்தி தலையசைச்சு ஆமோதிப்பாராம். அப்படி ஒரு உறவு.

யோசிச்சுப் பாருங்க. முதல் தசகத்துல நோய் போகலை. அம்பதாவதுலயும் போகலை. தொண்ணூத்தொன்பதாவது நாளும் வலியோடதான் பாடினார். ஆனா அந்தத் தொண்ணூத்தொன்பது தசகத்துல ஒண்ணுகூட வீண் இல்லை. இன்னைக்கும் ஊர் ஊரா மக்கள் பாராயணம் பண்றது வலிக்கு நடுவுல பிறந்த அந்தப் பாட்டுகளைத்தான்.

நூறாவது நாள் அவருக்குக் கண்ணன் நேர்ல காட்சி கொடுத்தார்னு நம்பிக்கை. நூறாவது தசகம் முழுக்க முடியில இருந்து அடி வரைக்கும் அந்த வடிவத்தோட வர்ணனைதான். நாம கவசம் படிக்கும்போது நம்ம உடம்பை ஒவ்வொரு உறுப்பா எண்ணி, இதைக் காக்க அதைக் காக்கன்னு வேலவன்கிட்ட ஒப்படைக்கிறோம். பட்டத்ரியும் அத்தனை நாள் தன் உடம்பைச் சொல்லித்தான் அழுதார். கடைசி நாள் அவர் கண்ணு தன் கையையும் காலையும் விட்டுட்டு, எதிர்ல நிக்கிறவரோட கையையும் காலையும் பார்க்க ஆரம்பிச்சுடுச்சு. அன்னைக்கு நோயும் விலகிச்சுன்னு சொல்றாங்க.

கடைசிச் சொல்லில் ஒரு கணக்கு

இது நம்ம கோடிங் ஆட்களுக்குப் பிடிக்கும். நூல் முடியிற சொற்கள் நீண்ட ஆயுள், நோயில்லாத உடம்பு, சுகம் இந்த மூணையும் கேட்கும். தனக்கு மட்டும் இல்லை, உலகத்துக்கே. அந்தச் சொற்களுக்குள்ளயே ஒரு தேதி ஒளிஞ்சிருக்கு!

கடபயாதின்னு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு எண். க, ட, ப, ய நாலுக்கும் 1. அங்கிருந்து வரிசையா 2, 3ன்னு போகும். தனியா நிக்கிற உயிரெழுத்துக்கு 0. வர்ற எண்களை வலமிருந்து இடமாப் படிக்கணும். அப்படிப் படிச்சா அந்தக் கடைசிச் சொற்கள் தர்ற எண் 1712210. கலியுகம் தொடங்கினதுல இருந்து நூல் முடிஞ்ச நாள் வரைக்கும் ஆன நாள்களோட எண்ணிக்கை அது. நம்ம கணக்குக்கு 1586-ஆம் வருஷக் கடைசி, விருச்சிக மாசம், அதாவது நம்ம கார்த்திகை. வானியல் வாத்தியாரோட சீடன் தன் வேண்டுதலுக்குள்ளயே நாளையும் குறிச்சு வெச்சுட்டார். இன்னைக்கும் விருச்சிகம் 28-ஆம் தேதியை நாராயணீய தினமாக் கொண்டாடுறாங்க.

பூந்தானத்தின் கண்ணீர்

கதை இங்க முடிஞ்சிருந்தா சுலபம். பாடினார், நோய் போச்சு, சுபம். ஆனா மரபு இன்னொண்ணையும் மறைக்காம சொல்லுது.

அதே காலத்துல பூந்தானம்னு ஒரு அடியார். பல வருஷம் பிள்ளை இல்லாம இருந்து, தவமிருந்து பெத்த குழந்தை, சோறூட்டுற நாள் அன்னைக்கே இறந்து போச்சுன்னு அவர் கதை. அந்தத் துக்கத்துல குருவாயூரப்பனையே பிள்ளையா நினைச்சு, எளிய மலையாளத்துல ஞானப்பானை பாடினார். அதைப் பட்டத்ரிகிட்ட காட்டித் திருத்தித் தரச் சொன்னப்போ, மலையாளப் பாட்டுதானேன்னு அவர் ஏளனமா ஒதுக்கிட்டாராம். பூந்தானம் அழுதுகிட்டே போனார். அன்னைக்கு ராத்திரி பட்டத்ரிக்குப் பழைய வலி திரும்பிச்சு. கனவுல வந்த கண்ணன், உன் விபக்தியைவிட அவன் பக்திதான் எனக்கு இனிக்குதுன்னு உணர்த்தினார். விபக்தின்னா வேற்றுமை, இலக்கணம். விடிஞ்சதும் பட்டத்ரி பூந்தானத்தைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பாட்டைக் கேட்டார்.

இதை வெச்சு, நோய் தண்டனைதானேன்னு யாராவது கேட்கலாம். நான் அப்படி எடுத்துக்கலை. கடவுளுக்கு அதிகமாப் பிடிச்ச பூந்தானத்துக்கு இறந்த பிள்ளை திரும்பி வரலை. பட்டத்ரிக்கு நோய் தீர்ந்துச்சு. அப்போ கேட்டது கிடைக்கிறதை வெச்சு யாரோட பக்தியையும் அளக்க முடியாதுன்னுதானே இந்தக் கதை சொல்லுது? உங்களுக்கு வலி தீரலைன்னா உங்க பக்தி குறைஞ்சதுன்னு அர்த்தம் இல்லை. இன்னொண்ணும் உண்டு. நூறு நாள் வலியில அழுதவருக்கே இன்னொருத்தர் அழுகை புரியாமப் போயிருக்கு. நம்ம வலி அடுத்தவங்க வலிக்குக் கண்ணைத் திறந்துவிடணும். அது தானா நடக்காது, நாமதான் திறக்கணும்.

அதுக்கப்புறம்

பட்டத்ரி அதுக்கப்புறமும் ரொம்ப காலம் வாழ்ந்தார். அம்பலப்புழை அரசர் தேவநாராயணன் கேட்டுக்கிட்டதால பிரக்ரியா சர்வஸ்வம்னு பெரிய இலக்கண நூல் எழுதினார். குரு பிஷாரடி மறைஞ்சது 1621-ல. அதாவது நாராயணீயம் முடிஞ்சு 35 வருஷம் கழிச்சு. கடைசிக் காலத்துல முக்கோலை பகவதி சந்நிதியில அம்பாளோட திருவடியைப் பத்தி 70 சுலோகம் பாடி, அவ காலடியிலேயே அடங்கினார்னு சொல்றாங்க. குருவாயூர் போனா, அவர் உட்கார்ந்து பாடின இடத்தைக் காட்டுவாங்க. ஒரு நிமிஷம் நின்னு கும்பிட்டு வாங்க.

நமக்கு என்ன?

பாட்டும் படிக்கணும், வைத்தியமும் பார்க்கணும். பட்டத்ரியும் வைத்தியம் பார்த்தவர்தான். நம்ம பாம்பன் சுவாமிகள் 1923-ல கால் எலும்பு முறிஞ்சப்போ சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி கட்டில்லதான் படுத்திருந்தார். மயில் காட்சி கிடைச்சதும் அந்தக் கட்டில்லதான்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்ல மரப்பும் குறுகுறுப்பும் இருந்து, ராத்திரி அதிகமாகி, கையை உதறினா குறையுதுன்னா, மணிக்கட்டுல நரம்பு நெருக்கப்படுதுன்னு அர்த்தமா இருக்கலாம். ராத்திரி மணிக்கட்டை நேரா வெச்சுக்கிற பட்டி பல பேருக்கு உதவும். சர்க்கரை, தைராய்டு, பி12 குறைவு, கழுத்து எலும்புப் பிரச்சினை இதாலயும் கை மரக்கலாம். அதனால நீங்களா முடிவு பண்ணாம நரம்பு டாக்டரைப் பாருங்க. கையில பிடிச்ச பொருள் நழுவ ஆரம்பிச்சா தள்ளிப் போடாதீங்க. திடீர்னு ஒரு பக்கம் மரத்து, பேச்சு குழறினா உடனே ஆஸ்பத்திரி.

மத்தபடி, வலிக்கிற கையால நூறு தடவை கும்பிடணும்னு முருகன் கேட்கலை. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். பாடி முடிச்சுட்டு, வலிக்குது முருகான்னு தயங்காம சொல்லுங்க. நாளைக்கு மறுபடி வந்து உட்காருங்க. மாமன் நூறு நாள் பொறுமையாக் கேட்டார். மருமகனும் கேட்பான்.

வலியில இருக்கிற ஒரு நண்பருக்கு இதை அனுப்புங்க. அனுப்பினதோட விட்டுடாம, கை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை போன்ல கேளுங்க.

வேலும் மயிலும் துணை. ஓம் சரவணபவ 🙏